இனித்த முக்கோணம்

பட்டறையில் அவருக்கு விடுகதைக்காரர் என்று பெயர். பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உலையில் உருக்கி, அச்சில் ஊற்றிக் கட்டியாக்குவது வேலை. புகையில் கண் எரிய நின்றுகொண்டே பக்கத்து ஆளிடம் ஒரு விடுகதையை அவிழ்த்துவிடுவார். அடுத்த உலை இறக்கும்வரை பதிலைச் சொல்ல மாட்டார். சிறுவயதிலேயே பள்ளியிலிருந்து பிடுங்கி இந்த வேலையில் நட்டுவிட்டார்கள். அந்த மூளைக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அது பாட்டுக்குத் துளிர்த்துக்கொண்டிருந்தது.

பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. இரண்டும் அப்பனை உரித்து வைத்தவை. சோறு வேகும் நேரம்தான் அந்த ஒற்றை அறை வீட்டின் பள்ளிக்கூடம். அம்மா காய் நறுக்கிக்கொண்டே நான்கு பொருளைச் சொல்வாள். அதில் ஒட்டாதது எது என்று சொல்ல வேண்டும். ஒருநாள் கரண்டி, தட்டு, பூனை, கத்தி என்றாள். பூனை என்று பெரியவள் முந்திக்கொண்டாள்.

"கத்திதான்" என்றான் சின்னவன். "அதை மட்டும்தான் நான் தொட்டா நீ திட்டுவே."

அம்மாவுக்குச் சிரிப்பில் கை நழுவியது. அப்பாவும் தன் பங்குக்குக் கேட்டார்: கல்லு மாதிரி கனக்கும், தண்ணி மாதிரி ஓடும், அது என்ன? அவர் வாயை மூடுவதற்குள் "உங்க ஈயம்தான்பா" என்றான் பயல்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு எதைத்தான் வாங்கித் தரக்கூடாது? கடைத்தெருவில் மரத்தால் செய்த புதிர்ப்பெட்டி ஒன்றைப் பார்த்திருந்தார். ஏழு துண்டுகள், மாற்றி மாற்றி அடுக்கினால் குதிரை, படகு, குந்தியிருக்கும் மனிதன். அதன் விலை அவருக்கு எட்டாக்கனி. ஆனால் வடிவம் கண்ணில் நின்றது. மறுநாள் உலையின் அடியில் மிஞ்சியதை ஈரமணலில் பள்ளம் செய்து ஊற்றினார். முக்கோணங்கள், ஒரு சதுரம், ஒரு சாய்ந்த நாற்கோணம். புதிதில் மீன் வயிறு போல மின்னின. முதலாளி பார்த்துவிடுவாரோ என்று பயந்து மடியில் கட்டிக்கொண்டு வந்தார். பயப்பட வேண்டியது எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சின்னவன் அன்றே குதிரையைக் கட்டிவிட்டான். தன்னால் கட்ட முடியாத பெரியவள் அதன் வாலைக் கேலி செய்ய, "ஈயத்தைப் பார்த்து இளிச்சுதாம் பித்தளை" என்று அம்மா அவளை வாரினாள். எங்காவது சிக்கிக்கொண்டால் அவன் மிகச் சிறிய முக்கோணத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு யோசிப்பான்.

"இனிக்குதுப்பா" என்றான் ஒருநாள்.

"படிப்புன்னா இனிக்கத்தான்டா செய்யும்" என்றார் அப்பா. அதைப் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

சில மாதங்களில் சின்னவனுக்கு வயிற்றுவலி வந்தது. சோற்றைத் தள்ளினான். முகம் வெளுத்துச் சாம்பல் பூத்தது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். பாடத்தில் கவனமே இல்லை என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அண்டை வீட்டாள் கண் பட்டுவிட்டது என்றாள். மாமன் ஒருவன் கொழுப்பு என்றான். காரணத்தைத் தேடச் சோம்பல்படுகிறவர்கள் பெயர் வைப்பதில் மட்டும் சுறுசுறுப்பு.

அப்பாவும் ஒரு பெயர் வைத்தார்: பழக்கம் விட்டுப்போச்சு. தீட்டாத கத்தி மழுங்கத்தானே செய்யும்? இன்னும் கடினமான புதிராக, இன்னும் சிறிய துண்டுகளாக ஒரு செட் வார்த்துக் கொண்டுவந்தார். சிறிய துண்டுகள் கன்னத்தில் இன்னும் வசதியாக அடங்கின.

ஒரு மாலை, அவனைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று பழைய விடுகதையையே கேட்டார். கல்லு மாதிரி கனக்கும், தண்ணி மாதிரி ஓடும். பிள்ளை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத்தான் தெரியுமேடா."

"தெரிஞ்சுதுப்பா. இப்ப அது எங்க போச்சுன்னு தெரியலை."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

மறுநாள் ஈயத் துண்டுகளைக் காணோம். சின்னவன் தரையில் புரண்டு கத்தினான். பெரியவள் அவற்றைச் சாக்கில் சுற்றிக் கூரை இடுக்கில் செருகியிருந்தாள். தம்பி மேல் பொறாமை என்று எண்ணி, அப்பா கேள்விமுறை இல்லாமல் ஓர் அறை விட்டார். அவள் அழவில்லை.

"ஒரே சோறு, ஒரே தண்ணி, ஒரே பாய். ஒட்டாதது எதுன்னு யோசிச்சேன்பா. அவன் அதை வாயில போடுறான். நான் போடலை."

காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றியது போல என்பார்கள். அவருக்கு அன்று அது உவமையாக இல்லை.

பட்டறையில் தொங்குகை என்று ஒரு மூத்த ஆள் இருந்தார். மணிக்கட்டு தொய்ந்து, தேநீர்க் குவளைகூடப் பிடிக்க முடியாது. குடி என்றார் முதலாளி. குடிக்காதவர் அவர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், எல்லோரும் சிரித்துவைத்தார்கள். அந்த முதலாளி பட்டறைக்குள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து யாரும் பார்த்ததில்லை. வெளியே காரில் உட்கார்ந்தே கணக்குக் கேட்பார். ஈயம் விஷம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தவன் வாய் திறக்கவில்லை. தெரியாதவன் தன் பிள்ளைக்கு அதைப் பொம்மை செய்து கொடுத்தான். இதை விதி என்று சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கிறது. விதி காரில் வந்து போவதில்லை.

வேலை முடிந்த கையோடு, குடும்பத்தை அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டரம்மா துண்டுகளைத் தொடாமல் பார்த்தார். சின்னவனின் இரத்தத்தை எடுத்தார்கள். முடிவு வந்த அன்றும் அவர் பட்டறையிலிருந்து நேராகத்தான் போனார்.

இரத்தத்தில் ஈயம் மிக அதிகம் என்றார் டாக்டரம்மா. மருந்து கொடுத்தால் இறங்கும். போன புத்தியில் எவ்வளவு திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது.

"அந்தச் சனியனை எல்லாம் உங்ககிட்டயே கொடுத்துட்டேன்மா. இனிமே வீட்டுல ஈயம் இல்ல" என்றார் அவர். சின்னவன் அவர் மடியில் முகம் புதைத்துக் கிடந்தான்.

டாக்டரம்மா, பட்டறைத் தூசி படிந்த அவருடைய சட்டையைப் பார்த்தார்.

"பட்டறையில குளிக்க இடம் இருக்கா? துணி மாத்துவீங்களா?"

"குழாயே கிடையாதும்மா."

"இதை வீட்டுல யார் துவைக்கிறது?"

"நான்தான்" என்றாள் மனைவி. சொல்லும்போதே அவள் கை, ஆறு மாத வயிற்றின் மேல் போய் நின்றது. "உதறிப் போடுறது பெரியவ."

எல்லோருக்கும் இரத்தம் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்.

பெரியவள் எழுந்து வந்தாள். தம்பியின் அக்குளில் கைகொடுத்து, அவனை அப்பாவின் மடியிலிருந்து இறக்கித் தூரத்துப் பெஞ்சுக்குக் கூட்டிப்போனாள். அவர் தடுக்கவில்லை.