இரண்டு பக்கமும் பிறை

செப்புக்காசைக் கொஞ்ச நேரம் தேய்த்தால் கட்டைவிரலில் ஒரு வாசனை ஏறும். பல் விழுந்த இடத்து இரத்தம்போலக் கொஞ்சம் உப்பும் கொஞ்சம் கசப்புமாக இருக்கும். எங்கள் மீனவ ஊரான தோணிரேவில் சிறுபிள்ளையாக இருந்தபோது அந்த வாசனையோடுதான் நான் தூங்கிப்போவேன். என் தகப்பனார், நான் "நைனா" என்று கூப்பிட்டவர், ஓட்டை போட்டு இடுப்புக் கயிற்றில் கோத்திருந்த டச்சுக்காரன் காலத்துக் காசு அது. பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் தடவுகிறவர்களுக்குச் சேற்றில் இப்படிக் காசு அகப்படுவது புதிதல்ல. ஆனால் நைனாவின் காசில் முன்னும் பின்னும் எழுத்தெல்லாம் ஓர் ஓரமாக ஒதுங்கி, மறு ஓரம் பிறைபோல வெறுமையாக, வழவழவென்று இருக்கும். வீட்டில் அதற்கு "நெலாக்காசு" என்று பெயர்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரில் அகப்படும் காசுகளை வாங்கிச் சென்னையில் விற்றுவந்தார். நைனாவின் காசின்மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண்.

"இது அடிக்கும்போதே தகடு நவுந்துபோன காசு மச்சான். அச்சுல தப்பினா ரெண்டு பக்கமும் தப்பும். அப்பால யாராச்சும் தேய்ச்சதுன்னா ஒரு பக்கம்தான் போவும், உத்துப்பாத்தா எழுத்தோட தடம் அடியில கெடக்கும். எனக்குக் குடுத்துடேன்" என்பார்.

"பாப்பா இத்தத் தேய்ச்சாதான் தூங்குது, போடா" என்று நைனா சிரிப்பார்.

ஓர் ஐப்பசிப் புயலில் நைனா போன படகு மட்டும் சுண்ணாம்புக்குளம் பக்கம் கவிழ்ந்து ஒதுங்கியது. ஆளும் இல்லை, உடலும் இல்லை. முதலில் அழுத ஊர், பிறகு ஆந்திரா பக்கம் அவரை யாரோ பார்த்ததாகப் பேச ஆரம்பித்தது. நான் மட்டும் கரைக்கு வருகிற ஒவ்வொரு படகையும் நோக்கி ஓடினேன். ஒருநாள் கழுத்தளவுத் தண்ணீருக்குப் போய்விட்ட என்னைப் பக்கத்து வீட்டு அத்தை தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்து போட்டாள். அன்று அம்மா என்னை அடிக்கவில்லை. என் ஈரப் பாவாடையைக்கூடக் கழற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குச் சில நாள் கழித்து, இறால் தடவப் போன அம்மா ஓட்டை போட்ட ஒரு காசோடு வந்தாள். ஓரத்தில் பிறை இருந்தது. மாமாவுக்கு ஆள் அனுப்பினாள். அவர்கள் பேசியபோது நான் ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தேன்.

"அக்கா, இது மச்சானோடது இல்ல. இந்தப் பக்கம் எவனோ கல்லுல தேய்ச்சிருக்கான், தடம் தெரியுது பாரு. பின்பக்கம் முழுசா கீது."

"எனக்கும் தெரியுது. ஊருல இது அவரோடதுன்னு சொல்லு."

"இன்னாக்கா பேசுற? மச்சான் எங்கனா உசிரோட இருந்தா?"

"இருந்தா வரட்டும்டா. அதுவரைக்கும் பாப்பா தண்ணியில எறங்கிக்கினே இருக்குமா? ஒருத்தரைக் குடுத்துட்டேன். இதையும் என்னால குடுக்க முடியாது."

மறுநாள் ஊர்க்கூட்டத்தில் மாமா, இது மச்சானுடைய காசுதான் என்று சொன்னார். காசு விஷயத்தில் அவர் பேச்சை மறுக்க ஊரில் ஆள் கிடையாது.

கருமாதிக்கு முன் அம்மா அந்தக் காசை என் கையில் கொடுத்தாள். கட்டைவிரலை வைத்தேன். ஒரு பக்கம் வழுக்கியது. திருப்பினேன்; எழுத்து முழுசாகச் சொரசொரவென்று விரலில் நெருடியது. நிமிர்ந்தபோது அம்மா மூச்சு விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனாவோடதுதாம்மா" என்றேன்.

அவள் என்னை அணைத்துக்கொண்டு, புயலுக்குப் பிறகு முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள். காசை மண்கலயத்தில் வைத்துக் கரைமேட்டில் புதைத்தார்கள். அம்மாவின் தாலி இறங்கியது. அவள் கண்ணில் படும்படி நான் அப்புறம் எந்தப் படகின் பின்னாலும் ஓடவில்லை.

இப்போது மாமா இல்லை. கலயம் புதைத்த கரைமேட்டை ஏரி தின்றுவிட்டது. யாரோ ஒருவனின் காசை வைத்து என் தகப்பனுக்குக் காரியம் செய்தோம் என்று அறிந்தவர்கள் நானும் அம்மாவும் மட்டுமே. எனக்கும் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. பொன்னேரி பஸ் நிலையத்தில் தளர்ந்து நடக்கும் கிழவர்களின் இடுப்பை இன்றும் என் கண் தேடிவிடுகிறது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்து அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கரையில் ஒரு படகு ஒதுங்கி, வயதான ஒருவர் மெல்ல இறங்கினார். என்னை அறியாமல் எழுந்துவிட்டேன்.

"யாரு பாப்பா?" என்று கேட்டாள் அம்மா, தலை நிமிராமல்.

"யாரும் இல்லம்மா."

அவள் நிமிர்ந்து, காசைக் கொடுத்த அன்று பார்த்ததுபோல என் முகத்தையே பார்த்தாள்; கை அடுத்த இறாலை எடுக்க வெகுநேரமாயிற்று.