கூடத்தில் ஓடிய மூச்சு

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. எங்கே போனாலும் தோளில் ஓர் அலுமினிய ஏணி இருக்கும், அதனால் ஏணிக்காரர். வீட்டிலும் அதே கதைதான். "ஏணியை வாசல்லயே விட்டுட்டு வாங்க, அதுக்கும் சேத்து என்னால சமைக்க முடியாது" என்பாள் மனைவி.

சுவர்களில் மாட்டியிருக்கும் திரைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. காத்திருக்கும் கூடம், எக்ஸ்ரே எடுக்கும் நடை, மருந்து வாங்கும் இடம் என்று எங்கும் திரைகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் சோப்புப் பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். கையைக் கழுவுங்கள், உப்பைக் குறையுங்கள் என்று படம் ஓட்டுவதும், நடுநடுவே நோயாளியின் எண்ணையும் போகவேண்டிய அறையையும் சொல்லிக் கூப்பிடுவதும் அந்தப் பெட்டிதான். அதிலிருந்து கிளம்பும் சத்தம் ஆம்ப்ளிஃபயருக்குப் போய், பெரிதாகி, கூரையில் இருக்கும் ஸ்பீக்கர் வழியே இறங்கும்.

கூடத்தில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயர் கும்பகர்ணன் வம்சம். கொஞ்ச நேரம் சத்தம் வராவிட்டால் தூங்கிவிடும். மறுபடி அது கண்ணைக் கசக்கி எழுவதற்குள் அறிவிப்பின் முதல் வார்த்தை போய்விடும். இதற்குத் தொழிலில் ஒரு வைத்தியம் உண்டு. காதுக்கு எட்டாத அளவில் ஓர் இரைச்சலை இடைவிடாமல் அடியில் ஓடவிட்டால் அது தூங்காது. ஏணிக்காரரும் மின்விசிறி சுற்றும் சத்தத்தைப் பதிந்து ஓடவிட்டிருந்தார். மனைவி போன பிறகுதான் அதை மாற்றினார்.

அவளுக்கு நுரையீரலில் கோளாறு. தூக்கத்தில் எப்படி மூச்சு விடுகிறாள் என்று கேட்கவேண்டும், போனில் பதிந்து கொண்டுவாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பதிந்து கொண்டுபோனார். டாக்டர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல நோயாளி யாரு? இந்தக் குறட்டை யாரோடது?"

"அது இவருதுங்க டாக்டர்" என்றாள் அவள். "பக்கத்துல லாரி ஓடுது, நீ ஏன் தூங்கலைன்னு என்னைக் கேக்குறாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, டாக்டரும் சேர்ந்து சிரித்த பிறகுதான் அடங்கியது.

அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில்தான் அவள் கடைசியாகப் படுத்திருந்தாள். கடவுள் அந்த ஒரு தயவை அவருக்குச் செய்தார். அவள் போகும்போது அவர் பக்கத்தில் இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஏணி எங்க?" என்று கேட்டாள். வெளியே சாத்தி வைத்திருப்பதாகச் சொன்னார். "யாராவது இடிச்சுக்கப் போறாங்க, படுக்க வெச்சிருங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

வேலைக்குத் திரும்பியதும் அவர் அந்தப் பதிவை எடுத்தார். தன் குறட்டையை வெட்டி எறிந்தார். அவள் மூச்சை மட்டும் நுனியோடு நுனி சேர்த்து, முடிந்த இடத்தில் மறுபடி தொடங்கும்படி செய்து, கூடத்துப் பெட்டியில் மின்விசிறிச் சத்தம் இருந்த இடத்தில் வைத்தார். யாருக்கும் கேட்காது. ஏணியில் ஏறி ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் மட்டும், நெல் புடைக்கிற மாதிரி லேசாக வந்து வந்து போகும். "கடவுளே, இது தப்புன்னா எனக்குத் தெரியப்படுத்திரு" என்று வேண்டிக்கொண்டார். மகளிடம்கூடச் சொல்லவில்லை.

வாசல்வரை நடக்கமுடியாமல் கிடந்தவள் இப்போது அத்தனை பெரிய கூடத்தைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைப்பார். காலையில் கூடத்தைக் கடக்கும்போது நடையின் வேகம் தானாகக் குறையும்.

அப்படியே போயிருக்கும். ஆனால் ஆஸ்பத்திரி மேலாளருக்குப் புதுப் படங்கள் மேல் ஆசை வந்தது. பளிச்சென்று, துல்லியமாக, பெரிய பெரிய படங்கள். மருந்து கொடுக்கும் பெண் முதல் நாளே அலுத்துக்கொண்டாள்.

"பல்லு விளக்குற படத்துல அந்தாளோட சொத்தைப் பல்லு வரைக்கும் தெரியுதுண்ணே. எனக்குக் காலையில சாப்பாடு இறங்கல."

"நீ மருந்தைப் பாத்துக் குடும்மா, அவன் பல்லை ஏன் பாக்குற?"

படங்களோடு புது ஆம்ப்ளிஃபயரும் வந்தது. இது தூங்காத சாதி. அடியில் இரைச்சல் ஓட்டவேண்டிய தேவையே இல்லை. அன்றைக்கே அந்த மூச்சை எடுத்திருக்கவேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த வாரமே சத்தம் விட்டுவிட்டு வரத் தொடங்கியது. படம் தண்ணீர் மாதிரி ஓடும். குரல் மட்டும் கண் இமைக்கிற நேரம் காணாமல் போய்த் திரும்பி வரும். படத்தில் பேசும் அம்மாள் "தினமும் நடக்கவேண்டும்" என்பதில் நடப்பதை விழுங்கிவிடுவாள். அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அறிவிப்பில் எண் விழுங்கப்பட்டபோது சிரிக்கவில்லை.

ஏணிக்காரர் கேபிளை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரின் சொருகுகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். எக்ஸ்ரே நடையில் இருந்த பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்; வைக்கும்போது படங்களோடு அந்த மூச்சையும் அதில் ஏற்றினார். கோளாறு அதிலும் வந்தது. கூடத்துப் பெட்டி எக்ஸ்ரே நடைக்குப் போய் அதே படங்களை, அடியில் எதுவும் இல்லாமல், ஒரு வார்த்தை பிசகாமல் பேசியது. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடுவது என்பார்கள். இவர் தோளில் ஆடு இருப்பது தெரிந்தே தேடினார்.

பெட்டி செய்யும் கம்பெனிக்குப் போன் போட்டார். ஓர் இளம்பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"படம் நிக்குதாண்ணா, சத்தம் மட்டும்தான் நிக்குதா?"

"சத்தம் மட்டும்தாம்மா."

"அப்ப பெட்டிக்குச் சுமை தாங்கல. புதுப் படம் ரொம்பக் கனம். அதுவே பெட்டியோட தெம்பு மொத்தத்தையும் எடுத்துக்கும். அதோட இன்னொரு சத்தத்தையும் கலக்கச் சொன்னா திணறிரும். கண்ணுக்குத் தெரியுற படத்தைக் காப்பாத்திட்டு, சத்தத்தைக் கை விட்டுரும். பின்னாடி வேற எதாவது ஓடுதாண்ணா?"

அவர் ஏணியின் கீழ்ப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றார்.

"அப்படின்னா படத்தோட தரத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க."

குறைத்தார். சத்தம் ஒழுங்காக வந்தது. மனசு லேசாகி, அன்றைக்கு மகள் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் மேலாளர் கூடத்தில் நின்று கண்ணைச் சுருக்கினார்.

"என்னய்யா இது, மூஞ்சியெல்லாம் மாவு அப்புன மாதிரி இருக்கு? பழையபடி இருக்கவா புதுசு வாங்கினோம்? மாத்து."

மாற்றினார். சத்தம் மறுபடி விட்டுவிட்டு வந்தது. நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தார். மறுநாளும் நாளைக்கு என்றுதான் நினைத்தார்.

அந்தப் பெரியவர் வந்தது அப்போதுதான். மடியில் மனைவியின் கைப்பையை வைத்துக்கொண்டு, ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். மதியம் ஏணியோடு அந்தப் பக்கம் போனபோது நர்ஸ் அம்மா அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்டீங்க ஐயா? உங்க வீட்டம்மாவை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி பாத்துப் பேசட்டும்னு உங்க நம்பரை ரெண்டு தடவை கூப்பிட்டோமே."

"இங்கயேதாம்மா இருக்கேன். ஒண்ணுக்குக்கூடப் போகல."

"திரையிலயும் நம்பர் வந்துச்சே?"

"என் கண்ணாடி இந்தப் பையிலதான் இருக்குன்னு நெனச்சேன். அவ தன்கூட எடுத்துட்டுப் போயிட்டா போல. சத்தம் விட்டுவிட்டு வந்துச்சும்மா. வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு இருந்துட்டேன்." பையின் வாரைச் சுருட்டினார், பிரித்தார். "உள்ள போறப்ப என்னைத் தேடியிருப்பா. பயந்த சுபாவம். உள்ள கொண்டுபோயிட்டீங்களா?"

"கொண்டுபோயாச்சு ஐயா. நல்லபடியா வருவாங்க."

பெரியவர் தலையாட்டினார். யாரையும் குறை சொல்லவில்லை. திரையில் ஒருவன் பளபளவென்று கை கழுவிக்கொண்டிருந்தான்.

ஏணிக்காரர் தோளிலிருந்து ஏணியை இறக்கினார். ஏணி எங்க என்று கேட்க அன்றைக்குத் தன் மனைவிக்கு எதிரே ஒரு முகம் இருந்தது. பதில் சொல்லத் தனக்கு ஒரு வாய் இருந்தது. அந்தக் கொடுப்பினையைத் தந்த கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே, இன்னொருவருடையதைத் தட்டிப் பறித்திருக்கிறோம் என்று புரிந்தது. தெரியப்படுத்து என்று தானே வேண்டிக்கொண்டார். தெரியப்படுத்தியாகிவிட்டது.

ஏணியைப் பெரியவருக்குப் பக்கத்தில் விரித்து ஏறினார். முதலில் ஸ்பீக்கரில் காதை ஒட்டினார். கீழே குழந்தை அழுதது. யாரோ மருந்துச் சீட்டைத் தேடினார்கள். அதற்கெல்லாம் அடியில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. நடுவில் ஒரு சின்ன விக்கல், தான் ஒட்டுப்போட்ட இடம். அது அவருக்கு மனப்பாடம். இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று நின்றார்.

"என்னப்பா, எதாவது கேக்குதா?" என்றார் கீழே இருந்த பெரியவர்.

"கோளாறு எதுன்னு பாக்குறேங்கய்யா."

இறங்கி, திரைக்குப் பின்னால் கையை விட்டு, பெட்டியில் ஒரு சின்னப் பென்டிரைவைச் சொருகி மூச்சைப் பிரதி எடுத்துக்கொண்டார். பிறகு பெட்டியிலிருந்து அழித்தார். நிச்சயமாக அழிக்கவா என்று திரை ஓரத்தில் கேட்டது. கூடத்தில் அத்தனை பேர் பார்க்க அந்தக் கேள்வி நின்றது. ஆம் என்பதை அழுத்தினார்.

படத்து அம்மாள் தினமும் நடக்கவேண்டும் என்று முழுசாகச் சொன்னாள். அடுத்த அறிவிப்பு கண்ணாடி மாதிரி வந்தது. எண்ணும் வந்தது, அறையும் வந்தது. மூலையில் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

கம்பெனிப் பெண்ணுக்கு அவரே போன் போட்டார்.

"பின்னாடி ஓடுதான்னு கேட்டியேம்மா. ஓடிட்டுதான் இருந்துச்சு. நான்தான் இல்லைன்னு பொய் சொல்லிட்டேன்."

"அதனால என்னண்ணா. எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"இப்ப சரியா வருதா? என்னண்ணா ஓடுச்சு?"

அவர் சட்டைப்பையில் இருந்த பென்டிரைவைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். "சும்மா ஒரு இரைச்சல்."

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொல்லிவிட்டார். அவள் கணினியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அப்புறம், "போடுங்கப்பா, நானும் அம்மாவைக் கேக்குறேன்" என்றாள். போட்டார்கள். வீட்டுக் கணினியில் அது வேறு மாதிரி இருந்தது. உரக்க, தனியாக, பக்கத்தில் யாருமே இல்லாத ஒருத்தியின் மூச்சாக இருந்தது.

"உங்க குறட்டை எங்கப்பா? அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளே."

"அதை வெட்டிட்டேன்மா."

"வெட்டாம முழுசா இருக்குற பதிவு?"

"அந்தப் போன் தண்ணியில விழுந்துருச்சே."

மகள் நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவர்கள் அதைப் போடவில்லை.

பெரியவரின் மனைவி பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் நாளில் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மூக்கில் கண்ணாடி இருந்தது. எண் கூப்பிட்டதும் இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். போகிறபோது அவர் ஏணிக்காரரின் தோளைத் தட்டினார்.

"இப்ப நல்லாக் கேக்குதுப்பா."

"ஆமாங்கய்யா."

அவர்கள் போன பிறகு ஏணியைச் சாத்தப்போனவர், நினைத்துக்கொண்டு, சுவரோரம் யாரும் இடித்துக்கொள்ளாதபடி படுக்கவைத்தார். ஓர் அறிவிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில், ஸ்பீக்கருக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்று கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. கோளாறு முழுசாகத் தீர்ந்திருந்தது.