எதிர்க்குவார்க்கை மறந்த கோடை

அணுக்கருவை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் என்ன ஆகும் என்று படிக்க, எண்பதுகளில் ஒரு மே மாதம், அக்கினி நட்சத்திரத்தில், செஞ்சியில் கூடினோம். மலை வாசஸ்தலம் எதுவும் கிடைக்கவில்லையாம். விடுமுறையில் பூட்டிக்கிடந்த பள்ளிக்கூடம்தான் கிடைத்தது. முனைவர் பட்ட மாணவர்கள் இருபது பேர். உள்ளூர்க்காரி நான் ஒருத்திதான். “உங்க ஊர்ல பாறைகூட உருகிடும்போல” என்று மற்றவர்கள் கேலி செய்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மத்தியானம் கரண்ட் போய்விடும். புரோட்டானுக்குள் அடைபட்ட குவார்க்குகள் எந்தச் சூட்டில் விடுபடும் என்று, நோட்டால் விசிறிக்கொண்டே சண்டை போடுவோம். அப்படி ஒரு பத்து நாள் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

ஆனால் பெட்டியில் பேங்க் வேலைக்கான ஆர்டர் இருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். “ஆராய்ச்சி சோறு போடுமா?” என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டதில், நானே வீம்பாகச் சொல்லியிருந்தேன்: கடைசி நாள் என் பேச்சு நன்றாக அமைந்தால் ஆராய்ச்சி, சொதப்பினால் பேங்க்.

கடைசி நாள் அமாவாசை. நைனா பஸ் கண்டக்டர். அமாவாசைக்கு விடும் மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷலில் இரண்டு டிரிப்புக்கு நடுவே, காக்கிச் சட்டையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் பேசிய இங்கிலீஷ் அவருக்கு ஒரு சொல்லும் புரியாது.

குவார்க்குகள் விடுபட எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதுதான் என் கணக்கு. போர்டு நிறைய எழுதி, விடையைக் கட்டம் கட்டினேன். முன்வரிசையிலிருந்த கல்கத்தாக்காரன் மெல்லக் கேட்டான்: “எதிர்க்குவார்க்குகளைச் சேர்த்தீர்களா?”

சேர்க்கவில்லை. அந்தச் சூட்டில் ஒவ்வொரு குவார்க்குக்கும் ஈடாக ஓர் எதிர்க்குவார்க் உண்டு என்பது எங்களில் யாருக்கும் பாலபாடம். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் இலை போட்டுவிட்டு, பெண் வீட்டாரை மறந்த கதைதான். மழுப்பிச் சமாளித்திருக்கலாம். மனம் வரவில்லை. மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். போடப் போட ருசித்தது. எதிரே ஆட்கள் இருப்பதே மறந்துபோனது. முன்பைவிடக் குறைந்த வெப்பநிலைதான் விடையாக வந்தது.

பஸ் ஸ்டாண்டு வரை நைனாவோடு நடந்தேன். அப்போதுதான் அவமானம் உறைத்தது.

“தப்பாப் போட்டுட்டேன் நைனா. எல்லார் எதிர்லயும் மானம் போச்சு. சொன்ன சொல்லு சொன்னதுதான், பேங்குக்கே போறேன்.”

பஸ் படியில் ஏறி நின்றுகொண்டு திரும்பினார்.

“அந்த ஆர்டரு வந்தன்னிக்கி உன் மூஞ்சியப் பாத்தேன். இன்னிக்கி எல்லாத்தயும் அழிச்சிட்டு மறுக்கா எழுதுனியே, அப்பவும் பாத்தேன். எனுக்கு இன்னா, கண்ணு தெரியாதா? திங்கக்கெழம பேங்குக்குப் போனீனா, வூட்டுப் பக்கம் வராத.”

விசில் ஊதினார். கூட்டத்தோடு பஸ் நகர்ந்தது. நான் ஸ்டாண்டிலேயே நின்று ஓவென்று அழுதேன்.