அடைக்கலமேரி திருத்திய கரை

அடைக்கலமேரி தன் வாழ்நாளில் வென்றவை இவை. ஏழு வயதில் வந்த விஷக்காய்ச்சல்; ஊரில் எல்லாரும் கைவிட்ட பிறகும் பிழைத்து எழுந்தாள். அப்பா இல்லாத வீட்டில் பத்து வயதில் நடவுக்கு இறங்கி, பெரிய பெண்களோடு சரிக்குச் சரியாக வரிசை பிடித்தாள். கட்டியவன் திருப்பூர் பக்கம் போய்த் திரும்பாதபோது, கைக்குழந்தையோடு தஞ்சாவூருக்கு வந்து யார் தயவும் இல்லாமல் பிழைத்தாள். அந்தக் குழந்தை பிரின்ஸியை நர்ஸ் படிப்பு முடிக்க வைத்தாள். புது ஆற்றுக் கரையில் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த ஓர் இடத்தைத் தனி ஆளாகத் திருத்தினாள். அங்கே கடை போட்டுக்கொள்ள, மாநகராட்சிக்கு மூன்று வருடம் நடந்து தெருவோர வியாபாரி அடையாள அட்டை வாங்கினாள். நாற்பத்தாறாவது வயதில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள்.

கடைசியாகச் சொன்னதைப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவளுடைய அக்கா மரியபுஷ்பம் நெடுநாள் முடிவுக்கு வரவில்லை.

மரியபுஷ்பம் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மன்னார்குடிக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். அப்பா இறந்த வருடம், தஞ்சாவூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் ஓர் இடம்தான் காலியாக இருந்தது. பெரியவள் விடுதிக்குப் போனாள். சின்னவள் அம்மாவோடு வயலுக்குப் போனாள். விடுதியில் கிடைத்த படிப்பை வைத்துத்தான் மரியபுஷ்பத்துக்கு அங்கன்வாடியில் உதவியாளர் வேலை கிடைத்தது. அவள் கைபட்ட பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. தங்கைக்கு வரும் காகிதம் எதுவானாலும், ரேஷன் அட்டை மனுவோ பிரின்ஸியின் கல்லூரிப் படிவமோ, முதலில் அக்காவிடம்தான் வரும். அவள் இரண்டு தடவை படிப்பாள். புரியும்படி சொல்வாள். பிறகுதான் கட்டை விரலை மைப்பெட்டியில் வைக்க விடுவாள். நகல்கள் எல்லாம் நீல நிற பிளாஸ்டிக் உறையில் தேதி வரிசையில் இருக்கும். தன்னைப் படிக்க அனுப்பிவிட்டு வயலில் நின்றவளுக்கு, தன் கண்ணையாவது கொடுக்க வேண்டும் என்று மரியபுஷ்பம் நினைத்திருந்தாள். இதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

புது ஆற்றை ஒட்டி நான்கு மாடியில் அந்தக் கணினி அலுவலகம் வந்தபோது, எதிரே இருந்த கரை மேட்டில் கால் வைக்க முடியாது. முள்ளும் நாற்றமும்தான். அடைக்கலமேரி ஒரு சித்திரை முழுக்க அரிவாளோடு நின்று முள்ளை வெட்டினாள். உள்ளே சிக்கிக் கிடந்த ஒரு பூவரசு வெளியே வந்தது. உடைந்த சிமெண்டுக் குழாயை உருட்டி வந்து பாதி புதைத்து, நான்கு பேர் உட்கார இடம் செய்தாள். ஆட்கள் வந்துபோக வசதியாக அலுவலக வாசலிலிருந்து மதகு வரை கரையைச் செதுக்கிவிட்டாள். காலையில் கேப்பக்கூழ், மோர்மிளகாய், நெத்திலிக் கருவாடு. பதினோரு மணிக்கு மேல் மரவள்ளிக் கிழங்கும் அவித்த பயறும்.

முதலில் வந்தவர்கள் காவலாளிகள். அப்புறம் மாடியில் இருந்தவர்களும் இறங்கி வந்தார்கள். மதகு வரை போய்த் திரும்பினால் ஒரு கிலோமீட்டர் என்று யாரோ கைபேசியில் அளந்து சொல்ல, காலை ஏழு மணிக்கே விறுவிறுவென்று நடை. நடை முடிந்ததும் கூழ். கூழ் முடிந்ததும் மரத்தடி.

"வயித்தக் கொறைக்க நாலு ரவுண்டு நடக்குறீங்க. நடந்து முடிச்சு எங்கிட்ட ரெண்டு சொம்பு குடிக்கிறீங்க. யாரு ஜெயிக்கிறா?" என்பாள் அடைக்கலமேரி.

"நீங்கதாங்க்கா ஜெயிக்கிறீங்க. நான் இந்த வருசம் மூணு கிலோ தோத்திருக்கேன், அதாவது ஏறியிருக்கேன்" என்பாள் அஃப்ரீன். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களை வரவேற்று, வேண்டியதைச் செய்துகொடுப்பது அந்தப் பெண்ணின் வேலை.

ஒருநாள் அஃப்ரீன் வழவழப்பான தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். புது ஆட்களுக்காக அவளே தயாரித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த மரியபுஷ்பம் அதை உரக்கப் படித்தாள்.

"நம் அலுவலகத்துக்கு அருகில். சாப்பிட: அடைக்கலமேரி கூழ்க்கடை. இளைப்பாற: பூவரசு மரத்தடி. உடற்பயிற்சிக்கு: மதகு வரை ஆற்றங்கரைப் பாதை." கண்ணாடியைக் கழற்றித் தங்கையைப் பார்த்தாள். "மூணும் ஒன்னோடதுடீ."

"மூணாவது ஆத்தோடது."

"ஆத்த யாரு கேட்டா? முள்ள வெட்டுனது ஆறா?"

"சரி, இதுல என் பேரு எது? காட்டு."

மரியபுஷ்பம் விரல் வைத்துக் காட்டினாள். அடைக்கலமேரி நெடுநேரம் பார்த்தாள். தாளைப் பாலித்தீன் உறையில் போட்டு மரத்தில் ஆணியடித்து மாட்டிக்கொண்டாள். பெருமைக்கு மாட்டியிருக்கிறாள் என்றே அக்கா நினைத்தாள். கூட்டம் குறைந்த நேரத்தில் கேப்பை மாவைத் தட்டில் பரப்பி, அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து அவள் விரலால் எழுதி அழித்ததை அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அஃப்ரீனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அடுத்த வருடம் ஆடி மாதத்தில் அலுவலகத்தின் நிர்வாகி தியாகராசன் கூழ் குடித்தபடியே விஷயத்தைச் சொன்னார். கரையை அலுவலகமே செலவு செய்து பூங்கா ஆக்கப்போகிறது. நடைபாதைக்குக் கல் பதிப்பார்கள். உடற்பயிற்சிக் கருவிகள் வரும். பெஞ்சுகள் வரும்.

"நான் எங்க போறது சார்?"

"நீங்க ஏங்க்கா போறீங்க? உள்ளயே கூரை போட்ட கடை வருது. அட்டை உங்க பேருல இருக்கறதால ஒரு ஒப்புதல் மட்டும் வேணும்."

"அக்கா வரட்டும். அவ படிச்சுப் பாத்துதான்."

"தாராளமா வரச் சொல்லுங்க."

மரியபுஷ்பம் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தாள். வீட்டில் இரண்டு பேரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். இடம் போகாது என்று எழுத்தில் இருந்தால் மட்டுமே சம்மதம். அந்த இடம் போனால் அடைக்கலமேரிக்கு வேறு எதுவும் இல்லை.

அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் குளிர்ந்த அறை. மேசைமேல் இரண்டு பக்கக் காகிதம், பக்கத்தில் மைப்பெட்டி. மரியபுஷ்பம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தாள். பூங்கா, நடைபாதை, "கூரையுடன் கூடிய சிற்றுண்டிக் கடை அமைக்கப்படும்". சரியாக இருந்தது. இரண்டாவது தடவையும் படித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். மைப்பெட்டியைத் தியாகராசன் திறந்தார்.

"மை வேண்டாம் சார்" என்றாள் அடைக்கலமேரி. "பேனா குடுங்க."

"பேனா எதுக்குடீ?"

"நகருக்கா. வெளிச்சத்த மறைக்காத."

பேனாவை அகப்பை பிடிப்பதுபோல் பிடித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தாக, மேடு ஏறுவதுபோல் மேல்நோக்கிப் போகும் வரியில் எழுதினாள். அ. டை. 'க்' வைத்துவிட்டு மூச்சு விட்டாள். கடைசி எழுத்தின் சுழி தாளின் ஓரம் வரை போயிற்று.

மரியபுஷ்பம் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தைப் பார்க்கவில்லை. நாற்று முடியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. விடுதியின் வாசலில் நின்று தன்னை வழியனுப்பிய கை. அவளுக்குக் கண் மறைத்தது.

"யாருடீ சொல்லிக்குடுத்தா?"

"ஏன், நீ மட்டுந்தான் எழுதுவியா?"

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அஃப்ரீன் கைபேசியில் படம் எடுத்தாள். கையெழுத்துக்குக் கீழே, "கைநாட்டு வைப்பவருக்கு மேற்கண்டவை படித்துக் காட்டப்பட்டன" என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. தியாகராசன் சிரித்துக்கொண்டே அதைக் கோடு போட்டு அடித்தார்.

"இனிமே ஒங்களுக்கு இது தேவையில்லக்கா. நீங்க படிச்சவங்க."

அடைக்கலமேரிக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. சாட்சி என்று இருந்த இடத்தில் மரியபுஷ்பம் கையெழுத்துப் போட்டாள். வாழ்நாளில் முதல்முறையாக, படிக்காத பக்கத்தில்.

பதினைந்தாம் நாள் பொக்லைன் வந்தது. பூவரசு நடைபாதைக்குக் குறுக்கே இருந்ததாம்; வெட்டிவிட்டார்கள். கூரை போட்ட கடை வந்தது. சென்னையிலிருந்து ஒரு பழச்சாறு நிறுவனம் அதை எடுத்தது. நீல உறையில் இருந்த நகலை மரியபுஷ்பம் அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தாள். இரண்டாவது பக்கத்தில் மூன்றே வரி. என் விருப்பத்தின் பேரில் அடையாள அட்டையை ஒப்படைக்கிறேன். பதினைந்து நாளில் இடத்தைக் காலி செய்கிறேன். சிற்றுண்டிக் கடையில் எந்த உரிமையும் கோரமாட்டேன்.

தியாகராசனைத் தேடிப் போனாள். "மேலருந்து சொன்னதத்தான் நான் செஞ்சேன். படிச்சுப் பாத்துத்தானேம்மா போட்டீங்க?" என்றார் அவர். அவருக்கும் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. அஃப்ரீன் அழுதாள். அவள் எடுத்த படத்தை அலுவலகம் அப்போதே கேட்டு வாங்கி, ஒப்புதலோடு சேர்த்து மாநகராட்சிக்கு அனுப்பியிருந்தது.

இடத்தைத் திருப்பிக் கேட்டு இருவரும் எழுதிய மனுவை மாநகராட்சியில் வாங்கிய எழுத்தர் நல்ல மனிதர். நகலைப் புரட்டிப் பார்த்தார்.

"கைநாட்டா இருந்தா, எழுதப் படிக்கத் தெரியாதவங்க, யாரும் படிச்சுக் காட்டலன்னு சொல்லி நிறுத்திப் பாத்திருக்கலாம்மா. இது கையெழுத்து. நல்லாத் தெளிவா இருக்கு. போதாக்கொறைக்குச் சிரிச்சுக்கிட்டே போடுறாங்கன்னு படம் வேற. சாட்சி யாரு?"

"நாந்தாங்க."

அவர் நகலை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மரியபுஷ்பம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒரு பக்கம்டீ. திருப்பிட்டேன். கண்ணு கீழ போயிருந்தாப் போதும்."

"நாந்தானே நகரச் சொன்னேன்" என்றாள் அடைக்கலமேரி.

இப்போது அந்தப் பூங்காவைக் கூட்டுகிறவள் அடைக்கலமேரிதான். ஒப்பந்தக்காரர் கொடுத்த பச்சைச் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு, அவள் செதுக்கிய கரையில் பதித்த கல்லை, வாசலிலிருந்து மதகு வரை கூட்டுகிறாள். பழைய முகங்கள் நடக்கும்போது தலையாட்டுகின்றன. கடையில் காகிதக் குவளையில் கேப்பக்கூழ் கிடைக்கிறது. ஒருநாள் அஃப்ரீன் வாங்கிக் கொடுத்தாள். அடைக்கலமேரி ஒரு மடக்கு குடித்துவிட்டு, "புளிக்கவே விடல" என்று கீழே வைத்துவிட்டாள்.

காலையில் வருகைப் பதிவேட்டில் ஏழு பேர் கைநாட்டு வைக்கிறார்கள். ஒருத்தி மட்டும் கையெழுத்துப் போடுகிறாள். இப்போதெல்லாம் வரி மேலே ஏறுவதில்லை, நேராகப் போகிறது. வேகமும் வந்துவிட்டது.

மரத்தில் மாட்டியிருந்த தாள் நீல உறைக்கு வந்து சேர்ந்தது. அதன் பின்பக்கத்தில்தான் மரியபுஷ்பம் தங்கை வென்றவற்றை வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். கடைசி வரியை இரண்டு முறை பென்சிலால் எழுதி அழித்தாள். மூன்றாம் முறை மைப் பேனாவால், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.

அடைக்கலமேரி முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 2023 ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை.