களிமண்ணில் வளர்ந்த கை

மாதுங்காவில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் வந்தனாவுக்குக் குழந்தைகள் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணியானால் அவள் வீட்டு வாசலில் செருப்பு விட இடமிருக்காது. வாரம் முழுக்க ஒரு கப்பல் கம்பெனியில் கடிதங்களைப் பிரித்து அனுப்பும் வேலை. அங்கே வாய் திறந்து நாலு வார்த்தை பேசாதவள், ஞாயிறன்று கட்டடத்துக் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு கலகலவென்று இருப்பாள். பருவத்துக்கு ஒரு வேலை வைத்திருந்தாள். சங்கராந்திக்குக் காற்றாடி, தீபாவளிக்கு வண்ணக் காகிதக் கந்தீல் விளக்கு, டிசம்பரில் பஞ்சு ஒட்டிய நட்சத்திரம். பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு மாதம் முன்பே களிமண்.

தாராவியில் குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவிலிருந்து ஒரு பை மண் வாங்கி வருவாள். அதைப் பிசைந்து, சப்பாத்திக் குழவியால் ஒரு விரல் கனத்துக்குத் தேய்த்து, சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டமாக வெட்டுவாள். குழந்தையின் உள்ளங்கையை நடுவில் வைத்து மேலிருந்து மெல்ல அழுத்தினால் தடம் விழும். தீக்குச்சியால் பெயரை எழுதி, ஈரத்துணி போர்த்தி நிழலில் காயவிட்டால் வெடிக்காது. காயும்போது மண் கொஞ்சம் சுருங்கும். தடமும் கூடவே சுருங்கும். "போன வாரத்தைவிட நீ சின்னவளாயிட்டியே!" என்று அவள் சொன்னால் குழந்தைகள் கையை வைத்துப் பார்த்துச் சிரிக்கும்.

2012 ஆகஸ்டில் அந்தக் கூட்டத்தில் மெஹக்கும் இருந்தாள். ஐந்து வயது. அவள் அம்மா ராபியா, தாராவியிலிருந்து வந்து கட்டடத்துப் பெண்களின் புடவைகளுக்கு ஃபால் தைத்துக் கொடுப்பவள். அம்மா தைக்கும் நேரத்தில் மகள் மண்ணில் கை வைத்தாள். வந்தனா அவள் பெயரைத் தமிழில் எழுதியதும், "இதுல எது நான்?" என்று மெஹக் கேட்டாள். வந்தனாவுக்கு அந்தக் கேள்வி ரொம்ப நாள் மறக்கவில்லை.

அடுத்த வாரம் ராபியா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. போன் அணைந்திருந்தது. மற்றக் குழந்தைகள் தங்கள் தட்டுகளை வாங்கிப் போய்விட்டார்கள். மெஹக்கின் தட்டு மட்டும் அலமாரியில் தங்கிப்போனது.

மறு வருஷம் மாதிரி காட்டுவதற்காக அதை எடுத்தாள். ஆறு வயதுப் பெண் ஒருத்தி தன் கையை அதில் வைத்துவிட்டு, "இது அஞ்சு வயசுக் கையா ஆன்ட்டி? என்னோடதைவிடப் பெரிசா இருக்கு" என்றாள்.

வந்தனா சிரித்தாள். அன்று சாயங்காலம் ஒரு சிவப்பு நூலை எடுத்துத் தடத்தின் விரல்களைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு வைத்தாள். அடுத்த ஆகஸ்டில் அதே நூல் எட்டவில்லை. நகம் அகலத்துக்குக் குறைந்தது.

"ஏன்னா, இதைக் கொஞ்சம் பாருங்கோ."

அவள் கணவர் ஜம்பு வங்கியில் வேலை பார்த்தவர். கண்ணால் பார்ப்பதை மட்டும் நம்புகிறவர். "மழைக்காலத்துல மண்ணு ஊறும். இதுல என்ன இருக்கு?" என்றார். இருந்தாலும் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் அவரே அளந்தார். தட்டு அதே அளவு இருந்தது. கை மட்டும் வளர்ந்திருந்தது. ஸ்கேலை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அதன் பிறகு அந்த அலமாரிப் பக்கம் அவர் போகவில்லை.

வந்தனாவுக்கும் முதலில் பயம்தான். தூக்கிக் கும்பார்வாடாவிலேயே கொண்டு போட்டுவிடலாமா என்று யோசித்தாள். மனசு வரவில்லை. எங்கேயோ ஒரு பெண் சாப்பிட்டுத் தூங்கி வளர்கிறாள், அதுதான் இங்கே தெரிகிறது என்று தோன்றிய பிறகு பயம் போய் வேறு ஏதோ வந்தது. ஆபீசிலிருந்து வந்து, காபி குடித்து, ஏழு மணிக்கு அலமாரியைத் திறப்பாள். சுண்டு விரலில் ஆரம்பித்துக் கட்டை விரல் வரை, தடத்தின் ஓரமாகவே தன் விரலை ஓட்டுவாள். ஆகஸ்டில் மட்டும் நூலால் அளப்பாள். காய்ந்த மண்தான், ஆனாலும் உள்ளங்கைப் பள்ளத்தில் மட்டும் லேசான வெதுவெதுப்பு இருக்கும். ஒரு வருஷம் கட்டை விரலுக்குக் கீழே புதிதாக ஒரு கோடு, வெட்டுக் காயம் போல. அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நடு விரல் நீண்டு நீண்டு பெயரைத் தொட்டது. பிறகு கடைசி எழுத்தின் புள்ளி அதற்கடியில் போய்விட்டது.

2023 ஆகஸ்டில் நூல் சரியாக நின்றது. 2024இலும் அப்படியே, மயிரிழைகூடக் கூடவில்லை.

"வளரலைன்னா..." என்று ஆரம்பித்தவளால் முடிக்க முடியவில்லை. ஜம்பு பேப்பரை மடித்து வைத்தார். "போய்த் தேடு" என்றார்.

தாராவியில் ராபியாவின் பழைய சந்தே இல்லை. தகரத் தடுப்புக்குப் பின்னால் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று சனிக்கிழமை அலைந்தாள். தோல் பைகளுக்கு உள்துணி தைக்கும் கரீம் பாட்சாவின் பட்டறையில்தான் விவரம் கிடைத்தது. "ராபியாவா? அவங்க தேவ்நாருக்குப் போயி பன்னெண்டு வருசமாச்சே. நமக்கு இன்னும் தைக்காங்க" என்று அட்ரஸ் கொடுத்தார். மகளைப் பற்றி வந்தனா கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

தேவ்நாரில் கதவைத் திறந்தவள் ராபியா. "எம்மா, வந்தனா மாமியா! வழி தெரிஞ்சு வந்துட்டியளே. உக்காருங்க" என்றாள். உள்ளே ஜன்னலோரம் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்று சிரித்தாள். நல்ல உயரம், ஆரோக்கியமான முகம்.

பெண்கள் பதினாறோடு வளர்ந்து முடித்துவிடுவார்கள். இது தனக்குத் தோன்றவே இல்லையே என்று வந்தனா நாற்காலியில் சாய்ந்து சத்தமாகச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தாள். வீட்டுக்குள் அந்தப் பெண் வலது கையில் கம்பளிக் கையுறை போட்டிருந்தாள்.

"என்னம்மா கையில?"

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் மாமி," ராபியா சொன்னாள். "டாக்டர்ட்ட காட்டியாச்சு, தர்காவுல ஓதிக் கயிறு கட்டியாச்சு. ஒண்ணும் கேக்கல."

மெஹக் கையுறையைக் கழற்றினாள். கட்டை விரலுக்குக் கீழே அந்தத் தழும்பு இருந்தது. "யாரோ தொடுறாங்க ஆன்ட்டி. டெய்லி ஏழு மணிக்கு. சுண்டு விரல்ல ஸ்டார்ட் பண்ணி இப்படியே சுத்தி வருவாங்க. வருசத்துல ஒரு நாள் நூலு வச்சுச் சுத்துவாங்க. அந்த நேரத்துல பேனா புடிக்க முடியாது. டென்த் பரீட்சைக்கு சாயங்காலம் படிச்சதே இல்ல."

பேசாமல் எழுந்து போய்விடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. வந்தனா போகவில்லை. "அது நான்தான்" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

ராபியா மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். "எம்புள்ளைய என்ன செஞ்சு வச்சிருக்கிய மாமி? பன்னெண்டு வருசமா?"

"தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

மெஹக் அம்மாவின் கையை விலக்கினாள். "கோபமா தொடல அம்மீ. அது எனக்குத் தெரியும். ஆனா ரொம்பப் பயந்தேன்." பிறகு வந்தனாவிடம், "அத நான் பாக்கணும்" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. மாதுங்கா வீட்டில் அவள் தட்டில் கை வைத்தாள். நகம் வரை அச்சாகப் பொருந்தியது. சட்டென்று எடுத்துக்கொண்டாள். "ஒரே நேரத்துல உள்ளேயும் வெளியேயும் இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள். தட்டைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துப் போனார்கள். வந்தனா தடுக்கவில்லை. அன்று ஏழு மணிக்குத் திறந்த அலமாரியின் முன்னால் சும்மா நின்றாள்.

அந்த வாரம் பழைய குழந்தைகளின் வீட்டுக்கெல்லாம் போன் செய்து விசாரித்தாள். பலரது தட்டு எப்போதோ உடைந்துபோயிருந்தது. மீதி இருந்தவை, அழுத்தின அன்றைய அளவில் அப்படியே இருந்தன. இது ஒன்று மட்டும் ஏன் இப்படி என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதன் பிறகு குழந்தைகளுக்கு அவள் களிமண் கொடுப்பதில்லை.

வியாழக்கிழமை மெஹக் வந்து நின்றாள். தட்டை நீட்டினாள். "அம்மீ பயந்துட்டு இத அரிசி டப்பாவுக்கு அடியில வச்சிட்டா. மூணு நாளா விரல விரிக்க முடியல. எங்க வீட்ல இடம் இல்ல ஆன்ட்டி. யாராவது மிதிச்சா என்ன ஆகும்? நீங்களே வச்சுக்கோங்க. ஆனா கேக்காம தொடாதீங்க."

ஜம்பு அதற்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லி வாங்கினார். மேலே எதுவும் படாத மாதிரி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். வந்தனா திறப்பதில்லை. மெஹக் கையுறையை விட்டுவிட்டாள், சாயங்காலங்களில் படிக்கிறாள்.

மழைக்காலத்தில் மட்டும் தடத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படியும். அதைத் துடைத்தே ஆக வேண்டும். போன ஜூலையில் வந்தனா ஈரத்துணியும் போனுமாக உட்கார்ந்தாள்.

"மெஹக், இப்போ துடைக்கலாமா?"

"ஒரு நிமிசம் ஆன்ட்டி, லோக்கல்ல நிக்கிறேன். இடது கையால புடிச்சுக்கிறேன்... ம், துடைங்க."

வந்தனா சுண்டு விரலிலிருந்து துடைத்தாள். போனில் ரயில் சத்தம் வந்தது. உள்ளங்கைப் பள்ளத்துக்கு வந்தபோது மறுமுனையில் மெஹக் களுக்கென்று சிரித்தாள்.

"கூசுது ஆன்ட்டி. துணிய நல்லாப் பிழிஞ்சுட்டுத் துடைங்க, என் கையெல்லாம் தண்ணி சொட்டுது. பக்கத்துல நிக்கிற லேடி பாக்கிறா."