செவலைப் பசுவின் வாய்க்குள் கைவிட்ட அக்கா

வெள்ளிக்கிழமை விளக்கேற்றி நிமிர்ந்தபோது விழுப்புரத்திலிருந்து தந்தி வந்தது. என் கணவரின் அண்ணன் மனைவி சொர்ணம்மாள் அக்கா மாரடைப்பில் காலமாகிவிட்டார்கள். அழுகை வரவில்லை. அக்காவை இழந்துவிடுவோம் என்று முன்பே ஒருமுறை பதினான்கு நாள் நடுங்கியவள் நான்.

அப்போது திண்டிவனத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். இரண்டு பசுக்களையும் அக்காதான் கறப்பார்கள். நான் கன்றைப் பிடித்துக்கொள்வதோடு சரி. பசுவின் காலருகே போகவே பயம்.

"இன்னாடி, அது இன்னா உன் மாமியாரா? கிட்ட வா" என்று சிரிப்பார்கள். கன்றை ஊட்டவிட்டு, மடி கழுவி, விரலில் விளக்கெண்ணெய் தொட்டு, செம்பை முழங்காலிடையில் இடுக்கி உட்கார்ந்தால் கறந்து முடிக்கும்வரை பேச்சே கிடையாது.

ஓர் ஆவணியில் செவலைப் பசு கறக்கவிடவில்லை. கன்றை முட்டித் தள்ளியது. வாயிலிருந்து எச்சில் கம்பியாக ஒழுகியது. கம்மிய குரலில் கத்தியது. பனம்பழக் காலம். எங்கள் பக்கத்து மாடுகள் பழத்தோடு கொட்டையையும் விழுங்கிவிடும்.

"கொட்டை தொண்டையில மாட்டிக்கினு இருக்குது. தாடையப் புடிங்க" என்று தம் கணவரிடம் சொல்லிவிட்டு, அக்கா முழங்கை வரை கையை உள்ளே விட்டார்கள். கொட்டை இல்லை. பல் கீறிய ரத்தத்தோடு கை வெளியே வந்தது.

மறுநாள் மாட்டு டாக்டர் எட்டவே நின்று கேட்டார்: "இத வெறிநாய் கடிச்சுதா? வாயில யார் கைவெச்சது?"

அக்கா கையை நீட்டினார்கள். மூன்றாம் நாள் பசு செத்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. தினமும் பஸ்ஸில் நான்தான் துணை. செவலையின் பாலைக் காய்ச்சித்தான் குடித்தோம், அதனால் ஒன்றும் வராது என்று டாக்டர் சொல்லியும், தூங்கும் என் குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெறிநோய் முற்றினால் தண்ணீர் இறங்காது என்பார்கள். அதனால் அக்கா காலையில் என் எதிரே ஒரு செம்புத் தண்ணீர் குடித்துக் காட்டுவார்கள்.

"பாரு, எறங்குது. பைத்தியம் புடிச்சா மொதல்ல உன்னத்தான் கடிப்பேன்."

நான் மயிலம் முருகனை வேண்டி உப்பில்லாமல் சாப்பிட்டேன்.

கடைசி ஊசிக்கு மறுநாள் விடியலில் அக்கா மற்றப் பசுவிடம் போய்க் குந்தினார்கள். கை முழங்காலிலேயே கிடந்தது. பசு முகரத் திரும்பியதும் பின்னால் சாய்ந்துவிட்டார்கள்.

"வேணாங்க்கா, எந்திரிங்க. ஆள் வெச்சுக்கலாம்."

"இன்னிக்கு எந்திரிச்சா அப்புறம் உக்காரவே மாட்டேன்டி. அந்தத் தண்ணியக்கூட தெனம் பயந்துக்கினேதான் குடிச்சேன். நீ போவாத, நில்லு."

நின்றேன். பால் செம்பில் விழாமல் புடவையெங்கும் தெறித்தது. கொஞ்ச நேரம் கழித்துச் செம்புக்குள் நுரை ஏறும் சத்தம் கேட்டது.

நேற்று விழுப்புரத்தில் அக்காவைத் தூக்கிக்கொண்டு போனபோது, பெண்கள் தெருமுனைக்கு மேல் வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் நான் துணை வரவில்லை, அக்கா. மயிலத்தான் கூட இருப்பான். போய் வாருங்கள்.