கை மட்டும் தெரிந்த பேஜ்

என் பேஜில் என் முகம் கிடையாது. அதிராம்பட்டினத்தில் எங்கள் தெருப்பக்கம் நிக்காஹ் என்றால் மருதாணிக் கோனை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவள் நான். என் கல்யாணத்துக்குப் பிறகு, போட்டதைப் போனில் வீடியோ எடுத்துப் பேஜில் ஏற்ற ஆசை வந்தது. மாமியார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "கை மட்டும்னா போட்டுக்கம்மா. முகமும் வேணாம், குரலும் வேணாம்." எனக்கு அதில் வருத்தம் இல்லை. வேலை செய்வது கைதானே என்று நினைத்தேன்.

எல்லோரும் மாங்காயும் மயிலும் போட்டுக்கொண்டிருந்தபோது நான் நெற்கதிர் போட்டேன். பட்டுக்கோட்டை பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து மனசில் ஏறிய கதிர். மணிக்கட்டில் தூர் கட்டி, விரல்களில் முற்றிச் சாய்ந்திருக்கும். அதன் முனை எப்படி அவ்வளவு மெல்லிசாக வருகிறது என்று முகம் தெரியாத பெண்கள் கேட்பார்கள். கோன் நுனியை வெட்டுவது வரைக்கும் பொறுமையாக எழுதுவேன். சாப்பாடு ஆயிற்றா என்பதைத் தவிர வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அதனால் அந்தக் கேள்விகள் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தன.

பேஜ் ஆரம்பித்தபோது ஒரு நம்பர் கேட்டது. எங்கள் வீடுகளில் பெண்கள் நம்பரை வெளியே கொடுப்பதில்லை. கேஸுக்கும் ரேஷனுக்கும் முதலில் வாப்பா நம்பர், கல்யாணமானால் மாப்பிள்ளை நம்பர். நானும் கை போன போக்கில் அவர் நம்பரைத்தான் தட்டினேன்.

அவர் துபாயில் இருக்கிறார். இங்கே என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது. புதுப் போனில் பேஜைத் திறந்தால், அந்த நம்பருக்கு அனுப்பிய ஓடிபி எண்ணைப் போடு என்றது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஊர் சிம்மை எப்போதோ விட்டுவிட்டாராம். நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது.

"அதுக்கென்ன புள்ளே, வேற ஒண்ணு ஆரம்பிச்சுக்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேறு வழி தேடினால், முகத்தைக் காட்டு என்றது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காட்டினேன். இடப்பக்கம் திரும்பச் சொன்னது, வலப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினேன். பேஜில் உள்ள படங்களோடு பொருந்தவில்லை என்று பதில் வந்தது. எப்படிப் பொருந்தும்? அங்கே இருப்பதெல்லாம் கை, அதிலும் பாதி மணப்பெண்களின் கை. ஆத்திரத்தில் என் கையை விரித்து கேமராவுக்கு நேரே நீட்டினேன். முகம் தெரியவில்லை என்றது.

கல்யாண வீட்டில் பெண்ணின் கையைப் பார்த்ததுமே இது இன்னார் போட்டது என்று எங்கள் பெண்கள் சொல்லிவிடுவார்கள். இப்படியும் ஓர் அடையாளம் உண்டென்று இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. சொந்த நம்பரும், ஊருக்கே காட்டிய முகமும் எல்லோருக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டில் முகம் காட்டக்கூடாது என்கிறார்கள், அங்கே காட்டியிருக்க வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்டவள் யாரிடம் போய்ச் சண்டை போடுவாள்? சண்டைக்குக்கூட எதிரே ஓர் ஆள் வேண்டுமே.

முதல் தடவையாக என் பெயரில் ஒரு சிம் வாங்கிப் புதுப் பேஜ் ஆரம்பித்தேன். கதிர் டிசைனைப் போட்டேன். பழைய பேஜ் அப்படியே நிற்கிறது, ஆனால் அதன் பெயரில் ஒரு வார்த்தை எழுத எனக்கு வழியில்லை. புதுசில் வரிசையாகத் திட்டு வந்தது. திருடி என்றார்கள். நான்தான் அது என்று சொல்லச் சொல்ல இன்னும் கோபப்பட்டார்கள். கடைசியில் கீழ்வேளூரிலிருந்து ஒரு பெண், பழைய பேஜில் என்னிடம் அடிக்கடி சந்தேகம் கேட்டவள், எழுதியிருந்தாள்: "அந்த அக்கா எங்களுக்கு எவ்வளவோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. அவங்க டிசைனைத் திருட உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? நாங்க எல்லாரும் சேர்ந்து ரிப்போர்ட் பண்ணிட்டோம்."

அழுகை வந்துவிட்டது. எனக்காகச் சண்டை போட ஆள் இருக்கிறார்கள், அந்தச் சண்டை என்னோடுதான். அவசரமாகத் தட்டினேன்: "நான்தாம்மா அந்த அக்கா. மருதாணி கட்டியாயிடுச்சுன்னு கேட்டியே, கொஞ்சம் டீத்தண்ணி விட்டுக் குழைக்கச் சொன்னது நான்தான்."

அனுப்பினேன். போகவில்லை. இன்னொருவரைப் போல நடித்ததால் இந்தப் பேஜ் நீக்கப்பட்டது என்று திரையில் இருந்தது.